கங்கு அறிந்த கை

பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் பொழுது சாயும்போதே கரி பற்றவைத்துவிடுகிறார்கள். ராத்திரி விமானத்துக்கு மீனம்பாக்கம் போகும் நாட்களில் இங்கே இறங்கி, சிக்கன் சீக் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். இந்த முறை வேலையைப் பார்ப்பதற்கென்றே சீக்கிரம் வந்து, சீக் வண்டிக்குப் பின்பக்கம் நின்றுகொண்டேன்.

அடுப்பு என்பது நீளமான, குறுகலான ஓர் இரும்புத் தொட்டி. மேலே வலை கிடையாது. கம்பியின் இரண்டு முனையும் தொட்டியின் விளிம்பில் உட்கார, கறி மட்டும் கங்குக்கு நேர் மேலே நிற்கிறது. ஜப்பானியர்கள் கோழித் துண்டுகளைக் குச்சியில் கோத்து யாகிதோரி சுடும் அடுப்பும் இதே அமைப்புதான். டோக்கியோவில் யூராகுச்சோ ரயில் பாதைக்கு அடியில் அந்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இங்கே மெட்ரோ தூண்களை ஒட்டி வண்டிகள். அங்கே மூங்கில் குச்சி; வெறும் உப்பு, இல்லையென்றால் சோயாவும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய ‘தாரே’. இங்கே இரும்புக் கம்பி. இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், தயிர். ஒரகடத்தில் 2010இல் நிசான் ஆலை வந்தது. அங்கே வேலைக்கு வந்த ஜப்பானியர் ஒருவர் இந்த வண்டி முன்னால் நின்றால், மசாலா வேண்டுமானால் புதிதாக இருக்கும், அடுப்பு புதிதாக இருக்காது.

சீக் சுடும் மாஸ்டர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கையைத்தான் பார்க்க வேண்டும். தொடைக்கறித் துண்டுகளை இடைவெளி விடாமல் நெருக்கிக் கோக்கிறார். இடைவெளி இருந்தால் ஓரம் காய்ந்துவிடுமாம். தொட்டியின் ஒரு பக்கம் கங்கு குவிந்து தகதகக்கிறது, மறுபக்கம் சாம்பல் பூத்து அடங்கியிருக்கிறது. தோல் துண்டு சூட்டுப் பக்கம், ஈரல் சாம்பல் பக்கம். கொழுப்பு சொட்டிச் சுவாலை எழும்பும்போது தண்ணீர் தெளிப்பதில்லை. கம்பியை ஒரு சாண் நகர்த்துகிறார், சுவாலை தானாக அடங்குகிறது.

“எவ்ளோ நேரம்ணே ஆகும்?”

“அவசரப்பட்டா வெளிய கருகிடும் சார், உள்ள பச்சையா நிக்கும்.”

விலாங்கு மீன் சுடும் ஜப்பானியத் தொழிலாளிகள், குச்சி கோக்க மூன்று வருடம், மீனைப் பிளக்க எட்டு வருடம், சுட ஆயுள் முழுக்க என்று கணக்குச் சொல்வார்கள். இங்கே விசிறி பிடித்திருக்கும் தம்பியும் கம்பி கோக்கலாம். திருப்ப மட்டும் மாஸ்டர் இன்னும் விடவில்லை.

கரி ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலம். வெட்டிய விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி, காற்றை அளந்து விட்டு நாள்கணக்கில் வேகவைக்கும் மூட்டத்திலிருந்து வருவது. ஜப்பானில் வாகாயாமா பக்கத்து ‘பின்சோதான்’ கரிக்குப் பெயர் இருக்கிறது, கடைக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். நம் மூட்டக்காரர்களின் கரி பெயரில்லாமல் சாக்கில் வந்து இறங்குகிறது. இந்தக் கறியின் ருசியில் பாதி அவர்களுடையது என்றே நான் சொல்வேன். மூட்டம் பிரிக்கும்போது சூட்டையும் தூசியையும் சுவாசிப்பவர்களும் அவர்கள்தான்.

புகை இங்கேயும் விடுவதில்லை. காற்று திரும்பும்போதெல்லாம் மாஸ்டரின் கண் சிவந்து நீர் கோத்துக்கொள்கிறது. தம்பி தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு விசிறிக்கொண்டே இருக்கிறான். அடுப்புக்கு மேல் தகரக் கூண்டு வைத்து ஒரு புகைபோக்கி ஏற்றக் கூடாதா என்று கேட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் விலை விசாரித்திருக்கிறாராம். தீபாவளிக்குள் போட்டுவிடுவதாகச் சொன்னார்.