தூங்கத் தெரியாத மல்லாட்டை

போன வாரம் பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். உயிரியல் படிக்கிறாள். "தாத்தா, எலியோட கரு தூங்கும், தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

தாய்ச் சுண்டெலி குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கருத்தரித்தால், புதிய கரு கருப்பையில் ஒட்டாமல் அப்படியே நின்றுவிடுமாம். பால்குடி குறைந்ததும் மறுபடி வளருமாம். அந்த இளங்கருவிலிருந்து எடுப்பவைதான் கரு ஸ்டெம் செல்கள். உடம்பின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடியவை. 1981-ல் முதன்முதலாகச் சுண்டெலியிலிருந்துதான் பிரித்தார்கள்.

2016-ல் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 'எம்டார்' என்ற புரதத்தை மருந்தால் அடக்கி, ஆய்வகத் தட்டிலேயே எலிக்கருவை 30 நாள் வரை நிறுத்திவைத்தார்களாம். செல்களும் அப்படியே அடங்கிக் கிடந்தன. "மருந்தை எடுத்ததும் வளர ஆரம்பிச்சது தாத்தா. உயிரோட குட்டியே பிறந்தது. திறன் ஒண்ணும் போகல!"

எனக்கு ஓமந்தூர் கொல்லை ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் மல்லாட்டை பிரசித்தம். டி.எம்.வி. என்று பெயர் வைத்த நிலக்கடலை ரகங்களெல்லாம் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்தவை. கொடி ரக விதைக்கு முற்றிய பிறகும் சில வாரம் உறக்கம் உண்டு. கொத்து ரகத்துக்கு அது கிடையாது. முற்றிய நேரத்தில் மண் ஈரமானால் பூமிக்குள்ளேயே முளைத்துவிடும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. அப்பா போட்டிருந்தது கொத்து ரகம். பிடுங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் முளை. "இதுக்குக் கொஞ்ச நாள் தூங்கத் தெரியலயே" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடன் ஏறியது. அடுத்த கோடையில் தேறியும் கல்லூரிக்குப் பணம் இல்லை. 2 வருஷம் மாடு மேய்த்தேன். பிறகு மாமா கட்டணம் கட்டினார். படித்து ஆசிரியரானேன்.

அதே வருஷம் என் தங்கையும் எட்டாவதோடு நின்றாள். என்னை எழுப்ப மாமா வந்தார். அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. முதல் சம்பளம் வாங்கியபோது எனக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கும் மளிகைக் கடையில் கடைக்காரர் கால்குலேட்டரைத் தேடும் முன்பே அவள் கூட்டிச் சொல்லிவிடுவாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. பேத்தி சொன்ன "திறன் ஒண்ணும் போகல" என்பது அவள் விஷயத்தில் உண்மைதான். நிறுத்திவைத்ததை எடுத்துவிட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நானாக இருந்திருக்கலாம்.