ஏரிக்கு எத்தனை மீட்டர்?

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், ஓர் ஏரியின் எல்லைக் கல்லிலிருந்து 52 மீட்டர் தள்ளி, முப்பதுக்கு நாற்பது அடியில் ஒரு காலி மனை கிடக்கிறது. சொந்தக்காரர் வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர். ஒரு தொழிற்சாலையில் 34 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் திரட்டி 2013-ல் வாங்கிய 'சைட்' இது. தூரத்தை அளந்ததும் அவரேதான். தொழில் புத்தி. டேப் பிடித்து இரண்டு முறை அளந்தார்.

அப்போது கவலைக்கு இடமில்லை. 2007-ல் ஒப்புதல் பெற்ற மாஸ்டர் பிளான்படி ஏரியிலிருந்து 30 மீட்டர் விட்டுவிட்டுக் கட்டலாம். மழைநீர் ஓடும் ராஜகாலுவேக்களுக்கு, அவற்றின் தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர். 22 மீட்டர் மிச்சம் இருக்கிறது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

மூன்று வருடம் காசு சேர்த்து, வீட்டுக்கு பிளான் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அலுவலகம் போனபோது கணக்கு மாறியிருந்தது. பெல்லந்தூர், அகரா ஏரிகளை ஒட்டி எழவிருந்த பெரும் கட்டடங்களை எதிர்த்த வழக்கில், 2016 மே 4-ம் தேதி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெங்களூர் ஏரிகள் எல்லாவற்றுக்கும் 75 மீட்டர் என்று உத்தரவிட்டிருந்தது. "ஏரி நகர்ந்து வந்துச்சா, என் சைட் நகர்ந்து போச்சா?" என்று கவுன்டரில் கேட்டார். பதில் வரவில்லை.

உத்தரவின் மீது அவருக்குக் கோபமில்லை. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரியே தீப்பற்றிப் புகைந்ததைப் பார்த்தவர் அவர். அவரது வருத்தமெல்லாம் அளவுகோல் பற்றியது. "ஃபேக்டரியில ஒரு ஸ்கேலை வச்சுத்தான் வேலை. நடுவுல ஸ்கேலை மாத்தினா மெஷின் ஓடுமா?"

மறுபடியும் மாறியது. 2019 மார்ச் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் 75 மீட்டர் உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி வகுத்த மாஸ்டர் பிளானைத் திருத்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்பது காரணம். மீண்டும் 30 மீட்டர். தீர்ப்பு பேசியது யாருக்கு அதிகாரம் என்பதைப் பற்றி. தண்ணீருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது பழைய கேள்வியாகவே நின்றது.

அதற்கு 2022-ல் விடை கிடைத்தது. செப்டம்பர் 5 காலை, இரவு முழுக்கப் பெய்த மழைக்குப் பின் சர்ஜாபூர் சாலைப் பக்கம் கோடீஸ்வரர்களின் வில்லாக்களிலிருந்து ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மகனோடு மனையைப் பார்க்கப் போனார். மனை இருந்த இடத்தில் ஏரி இருந்தது. மூலைக் கல்லில் இரண்டரை அடி உயரத்துக்குத் தண்ணீர்.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெரிய ஆறு இல்லாத மேட்டு ஊர் பெங்களூர். மழைநீரைப் பிடிக்க முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் கால்வாய் வழியாகக் கீழ் ஏரிக்கு. பெல்லந்தூர் நீர் வர்த்தூருக்குப் போய், தென்பெண்ணையில் கலந்து தமிழ்நாட்டுக்கே வருகிறது. ஏரியைச் சுற்றி விடும் வெற்றிடம், மழைக்காலத்தில் அது மூச்சு வாங்க விடும் இடம். கால்வாயைச் சுருக்கி, சரிவெல்லாம் சிமென்ட் பூசினால் அந்த மூச்சு அடுத்த வீட்டுக் கூடத்தில்தான் வந்து விடும்.

நீர் வடிந்ததும் அந்த மூலைக் கல்லில், தண்ணீர் நின்ற உயரத்துக்கு, சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டார். வீட்டில் சண்டை அதிலிருந்துதான் தொடங்கியது. இனி அங்கே கட்டப் போவதில்லை, விற்றுவிடலாம் என்பதில் இருவருக்கும் சம்மதம். ஆனால் பார்க்க வருபவர்களிடமெல்லாம் அவர் அந்தக் கோட்டைக் காட்டுகிறார். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள்.

"கோர்ட்டே சரின்னு சொல்லியாச்சு. நீங்க எதுக்கு தண்ணிக் கதை சொல்றீங்க?" என்கிறார் மனைவி. முப்பது வருடத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியவர் அவர். கேட்க உரிமை உண்டு.

"கேட்டா சொல்ல வேண்டாமா?"

"அவங்க கேக்கலையே!"

2025-ல், சின்ன ஏரிகளுக்கு இந்த இடைவெளியை இன்னும் குறைக்கும் மசோதா கர்நாடக சட்டமன்றத்துக்கு வந்தது. தரகர் உற்சாகமாக போன் செய்தார்: "சார், 52 மீட்டர்னு மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானே?"

உண்மைதான். அதைத்தான் அவர் முதலில் சொல்கிறார். பிறகு கோட்டைக் காட்டுகிறார். இந்த வருட மழைக்கு முன் பெயின்ட் மங்கியிருந்தது. புது டப்பா வாங்கிப் போய் மறுபடி பூசிவிட்டு வந்தார். மனை இன்னும் விற்கவில்லை. இருப்பது பத்தாவது வாடகை வீடு.