பெரிய கார் வாங்கினோம், கணக்கு நோட்டும் வாங்கினோம்

கார் என்றாலே அது ஆண்கள் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். நகை வாங்கினால் சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று நாலு கடை ஏறி இறங்குகிற நாம், அதைப்போலப் பல மடங்கு பணம் போகிற காருக்கு மட்டும் "அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுகிறோம். பிறகு பள்ளிக்கூடப் பீஸ் கட்ட வேண்டிய மாசத்தில்தான் அந்தக் காரும் நம்ம குடும்பச் செலவுதான் என்று உறைக்கிறது. அதனால்தான் சகோதரிகளோடு இதைப் பகிர்ந்துகொள்ள நினைத்தேன்.

நாங்கள் வில்லியனூர் பக்கம் ஒரு கிராமம். என் கணவர் 1998-லிருந்து இருபத்திரண்டு வருஷம் ஒரு முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தார். முதலில் ஓட்டியது காண்டஸா. 1984 முதல் 2002 வரை கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்தார்களே, அந்த நீளமான கார்தான். பிறகு பெரிய வெளிநாட்டுப் பெயருள்ள கார். எத்தனை பேருக்குப் பின் கதவைத் திறந்து விட்டிருப்பாரோ, கணக்கில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் அந்த மாதிரிக் காரில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

வேலையை விட்டு வந்தபோது கைக்கு வந்த பணமும் சேமிப்புமாக 5 லட்சம் இருந்தது. 2022-ல் ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். "பன்னெண்டு வருஷ வண்டிதான். புதுசு இருபத்தஞ்சு லட்சம். இப்ப மூணே கால் லட்சத்துக்குத் தரேன்றாங்க. அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவவும் ஆவும்" என்றார்.

"இருபத்தஞ்சு லட்ச ரூபா சாமான ஏங்க மூணு லட்சத்துக்குத் தரான்?" என்று கேட்டேன். இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி.

பதில் மெல்ல மெல்லத்தான் கிடைத்தது. பெரிய கார் வாங்குகிறவர்கள் ஐந்தாறு வருஷத்தில் அடுத்த மாடலுக்குப் போய்விடுவார்கள். பழசை வாங்க ஆள் குறைவு. ஏனென்றால் கார் விலைதான் குறையுமே தவிர, உதிரிப் பாகத்தின் விலை குறையாது. இருபத்தைந்து லட்ச ரூபாய்க் காருக்கு என்ன விலையில் பாகம் வருமோ, அதே விலையில்தான் நமக்கும் வரும்.

இன்னும் சில காரணங்களும் உண்டு. டெல்லியில் பத்து வருஷம் ஆன டீசல் வண்டியும் பதினைந்து வருஷம் ஆன பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அங்கே விலை போகாத பெரிய கார்கள் தெற்கே வந்தன. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முழுகின கார்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்றவர்களும் உண்டு. நம்ம புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்று வெளி மாநிலத்து ஆட்கள் இங்கே விலாசம் காட்டிப் பெரிய கார்களைப் பதிவு செய்தார்கள். 2017-ல் கேரளாவில் அது பெரிய செய்தியாகி விசாரணையே நடந்தது. ஆகவே பி.ஒய். 01 நம்பர் என்றதும் உள்ளூர் வண்டி என்று நம்பிவிட வேண்டாம். யார் பெயர், எந்த விலாசம், உண்மையில் எங்கே ஓடியது என்று கேட்க வேண்டும்.

நான் மூன்று நிபந்தனை போட்டேன். ஒன்று, கார் விலை 3,25,000-க்கு மேல் போகக்கூடாது. மீதி முழுவதும் காரின் பெயரிலேயே பேங்கில் கிடக்க வேண்டும். இரண்டு, பெரியவளின் நர்சிங் படிப்புக்குப் போஸ்ட் ஆபீசில் போடுகிற பணத்தில் ஒரு ரூபாய்கூடக் காருக்குப் போகக்கூடாது. மூன்று, கடன் கிடையாது. "நீ மேஸ்திரி மாதிரி பேசுற" என்று சிரித்தார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

வண்டி பார்க்க நானும் போனேன். இன்ஜின் அவர் பொறுப்பு. நான் பார்த்தது வேறு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் முழுகின வண்டி என்றால் அடியில் சேற்றுக் கோடு தெரியும். மிதியடி விரிப்பைத் தூக்கி முகர்ந்தேன். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் திருகாணிகள் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். கிலோமீட்டர் குறைவு என்று சொல்லி, பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பச்சைக் குழந்தை உள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஏர்பேக் உள்ள காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரவே கூடாது. பை வெடித்து விரியும் வேகம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. உலகம் முழுவதும் பழைய கார்களில் டகாட்டா என்ற கம்பெனியின் ஏர்பேக்குகளைத் திரும்ப அழைத்து மாற்றினார்கள். நீங்கள் வாங்கும் பழைய காரில் அப்படி மாற்ற வேண்டியது பாக்கி உண்டா என்று, சேஸிஸ் நம்பரைச் சொல்லி டீலரிடம் கேளுங்கள்.

காகித விஷயத்தில் கூச்சமே வேண்டாம். பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டும் கையெழுத்தாக வேண்டும். கடனில் வாங்கின வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35. வேறு மாநில வண்டிக்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று. இன்சூரன்ஸை வாங்கின 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது.

3,20,000-க்குக் கார் வந்தது. மறு மாசமே நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நாலு டயர் 38,000, பேட்டரி 9,000, டைமிங் பெல்ட்டும் ஆயில் வகையறாவும் 31,000, அடிப்பாகத்தில் சஸ்பென்ஷன் வேலை 22,000. சரியாக ஒரு லட்சம். இவ்வளவும் ஓடிக்கொண்டிருந்த நல்ல வண்டிக்கு!

2024 ஜூனில்தான் பெரிய சோதனை. ஆட்டோமேடிக் கியர் திடீரென்று விழவில்லை. பாகூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, கயிறு கட்டி இழுத்து வந்தோம். ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் கியர் பெட்டியையே மாற்ற வேண்டும், 2,80,000 ஆகும் என்றார்கள். அதே வாரம் பெண்ணுக்கு இரண்டாம் வருஷப் பீஸ். இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "போஸ்ட் ஆபீஸ் பணத்த இப்ப எடுத்துட்டு, வண்டிய வித்துட்டுப் போட்டுடலாமா?" என்று கேட்டார். "ஓடாத வண்டிய எவன் வாங்குவான்? பீஸ் பணத்துல கை வைக்காதீங்க. வண்டி நிக்கட்டும். அதுக்கு ஒண்ணும் பசிக்காது" என்றேன்.

நாற்பத்தோரு நாள் நின்றது. பீஸ் கட்டினோம். அதற்குள் இவரோடு முன்பு வேலை பார்த்த டிரைவர் மூலம் ஒரு மெக்கானிக் கிடைத்தார். கியர் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குள் மூளை மாதிரி இருக்கிற ஒரு பாகம்தான் கெட்டிருக்கிறது என்றார். சென்னை புதுப்பேட்டையில் தேடி வாங்கிப் போட்டு, எல்லாம் சேர்த்து 68,000. காருக்கென்று ஒதுக்கின பணத்திலேயே முடிந்தது. பெரிய செலவு என்றால் இரண்டாவது ஆளிடம் காட்டாமல் தலையாட்டக் கூடாது. வைத்தியத்திலும் அப்படித்தானே செய்கிறோம்?

அதே வருஷம் நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் பொங்கினதை நம் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். முதல் நாள் சாயங்காலமே இவர் காரை ஒரு அரிசி ஆலையின் மேட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். பழைய காருக்கு வெள்ளச் சேதம் முழுவதும் இன்சூரன்சில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போனதற்குத் தனிக் காப்பீடு வேண்டும், பழைய வண்டிக்கு அதைப் பொதுவாகத் தரமாட்டார்கள். தண்ணீரில் நின்ற வண்டியை மட்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இழுத்துத்தான் போக வேண்டும். சாவியைத் திருகினால் இன்ஜினே போய்விடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அத்தைக்கு எழுபத்தெட்டு வயசு. மாசம் ஒரு தரம் ஜிப்மருக்குப் போக வேண்டும். பஸ் படி ஏற முடியாது, ஷேர் ஆட்டோவில் குலுங்கி இடுப்பு வலி. இந்தப் "பிளசர்" வந்த பிறகு பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகிறார். முதல் தடவை ஆஸ்பத்திரி வாசலில் இவர் ஓடி வந்து கதவைத் திறந்தபோது, "ஊரான் வூட்டுக்காரங்களுக்குத் தொறந்த கதவ இன்னிக்கு எனக்குத் தொறக்கிறியாடா" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் ஒன்றும் பேசவில்லை. அந்த வரவை நோட்டில் எப்படி எழுதுவது?

செலவை எழுதியிருக்கிறேன். மூன்று வருஷத்தில் முதல் வேலைகள் 1,00,000, கியர் 68,000, மற்ற சர்வீஸ் 57,000, இன்சூரன்சும் 2025-ல் செய்த பதிவுப் புதுப்பிப்பும் 46,000. ஆக மொத்தம் 2,71,000. டீசல் தனி. வாங்கின விலைக்கு வெறும் 49,000 தான் குறைவு. மாசத்துக்குப் பிரித்தால் சுமார் 7,500.

போன மாசம் பக்கத்துத் தெரு இளம் தாய் ஒருத்தி வந்தாள். கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரர் இரண்டரை லட்சத்துக்கு இதே மாதிரி ஒரு கார் பார்த்திருக்கிறாராம், ஒன்றரை லட்சம் கடன் வாங்கணுமாம். "என்னக்கா செய்யட்டும்?" என்றாள். நோட்டை அவள் கையில் கொடுத்தேன். "கார் விலையில பாதி தனியாக் கையில இருக்கா? வண்டி ஒண்ணரை மாசம் நின்னா உங்க வீட்டு வேலை நிக்காம ஓடுமா? ரெண்டுக்கும் ஆமான்னா தாராளமா வாங்குங்க. இல்லேன்னா ஒரு சின்ன வண்டியப் பாருங்க. சின்ன வண்டியிலயும் குழந்தைக்குக் காத்து வரும்" என்றேன். நோட்டை வீட்டுக்காரரிடம் காட்ட எடுத்துப் போயிருக்கிறாள். இன்னும் திருப்பித் தரவில்லை.