திரிக்கு ஈரம் வேண்டும்

சென்ற தை மாதம் லண்டனிலிருந்து என் அக்கா மகன் வந்திருந்தான். ஐயப்பன்தாங்கலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை உண்டு. எழுதுவதற்கென்று கட்டியது. எழுத்து நடக்கிறதோ இல்லையோ, டிப்போவுக்குத் திரும்பும் கடைசிப் பஸ்களின் உறுமலும், சாலையில் மெட்ரோ ரயிலுக்காக எழுந்து நிற்கும் தூண்களின் தரிசனமும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். அந்த அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தேன்.

ஒருநாள் இரவு போர்வை கொடுக்கப் போனபோது அவன் மேஜை விளக்கடியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். தலைமுடி போன்ற ஒரு கம்பியை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் சுற்றிக்கொண்டிருந்தான். ஐந்து சுற்று, ஆறு சுற்று. தண்டை உருவியதும் பேனா ஸ்பிரிங் மாதிரி ஒரு குட்டிச் சுருள் நின்றது. அதன் வயிற்றுக்குள் வெள்ளைப் பஞ்சைத் திரித்து நுழைத்தான். அவ்வளவு சிரத்தையாக அவன் பாடப் புத்தகத்தைக் கூடப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"என்னடா, கடிகாரம் ரிப்பேரா?"

"இல்லை மாமா" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "வேப்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மின் சிகரெட்டைத் தடை செய்து 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த டிசம்பரிலேயே அது முறையான சட்டமாகிவிட்டது. தயாரிப்பது, விற்பது, விளம்பரம் செய்வது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது எல்லாமே குற்றம். முழுப் பொருளாகத்தான் என்றில்லை, உதிரிப் பாகமாக இருந்தாலும் குற்றமே. முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கதைகளில் எத்தனையோ கடத்தல்காரர்களைப் படைத்திருக்கிறேன். என் வீட்டு மாடியில், என் போர்வைக்குள்ளேயே ஒருவன் படுத்திருப்பான் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஏண்டா, ஊரில் இதற்குத் தடை என்று தெரியாதா?"

"தெரியும் மாமா. இது இல்லாவிட்டால் தெருமுனைக் கடையில் போய்ச் சிகரெட் வாங்கிவிடுவேன். அதற்குத் தடை இல்லையே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது வேறு கேள்வி கேட்பது பெரியவர்களின் வழக்கம். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன்.

விளக்கினான். பஞ்சு, திரவத்தை உறிஞ்சிச் சுருளுக்குக் கொண்டுவருகிறது. பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்ததும் சுருள் சுட்டு, திரவம் ஆவியாகிறது. எரிவது எதுவும் இல்லை. ஆகையால் சிகரெட்டின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை. கெடுதலே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. புகையைவிடக் கெடுதல் குறைவு என்று இங்கிலாந்தில் டாக்டர்களே சிகரெட்டை விடுவதற்கு ஒரு வழியாக இதைச் சொல்கிறார்கள். ஆனால் அங்கேயும் பையன்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். எனவே உபயோகித்துத் தூக்கி எறியும் ரகத்தை 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து விற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இவனோ அதற்கு வெகு நாள் முன்பிருந்தே சுருளும் திரியும் தானே மாற்றிக்கொள்கிற கட்சி.

"நாலு நாளைக்கு ஒரு தரம் பஞ்சை மாற்றணும். திரவத்தில் இருக்கிற இனிப்பு சுருளின் மேல் கரியாகப் படியும், சுரண்டிக் கழுவணும். சுற்று குறைந்தால் தடை குறையும், சூடு அதிகமாகும். முக்கியமாக, பஞ்சு காயவே கூடாது. காய்ந்தால் பஞ்சே கருகிவிடும். அந்த நாற்றம் இருக்கிறதே..."

அவன் பேசப் பேச எனக்கு இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒன்று என் அம்மா. இன்னொன்று என் அப்பா.

காஸ் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் திரி ஸ்டவ்தான். பத்துத் திரிகள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அம்மா அதைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்காருவாள். ஓட்டை போட்ட இரண்டு குழல்களையும் எடுத்துக் கரி தட்டுவாள்; கத்தரிக்கோலால் திரிகளின் கருகிய நுனியை ஒரே மட்டமாக வெட்டுவாள். ஒரு திரி அரை விரற்கடை உயர்ந்து நின்றாலும் போதும், நீல ஜுவாலை மஞ்சளாகிப் பாத்திரமெல்லாம் கரி பிடித்துவிடும். கிருஷ்ணாயில் தீர்ந்தபின் எரியவிட்டால், எண்ணெய்க்குப் பதில் திரி எரியும்.

அப்பாவின் ராஜ்யம் கரண்ட் அடுப்பு. களிமண் தட்டின் பள்ளத்தில் வளைந்து வளைந்து கிடக்கும் நிக்ரோம் சுருள். நிக்கலும் குரோமியமும் சேர்ந்த இந்தக் கலவைக்கு ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-ல் காப்புரிமை வாங்கினார். பழுக்கக் காய்ந்தாலும் மேலே மெல்லிய ஆக்சைடு தோல் படிந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். ஆனாலும் என்றாவது அறும். அப்பா அறுந்த இரு முனைகளையும் முறுக்கி இணைத்துவிடுவார். இணைக்க இணைக்கச் சுருள் குட்டையாகும்; குட்டையாக ஆக அதிகமாகச் சிவக்கும்; சீக்கிரம் மறுபடி அறும். அதைச் சரி செய்த சந்தோஷத்தில் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து அந்தச் சிவந்த சுருளிலேயே பற்றவைத்துக்கொள்வார். அந்தக் காட்சியில் ஒரு கம்பீரம் இருந்தது. 2009-ல் நுரையீரல் உறுஞ்ச மறுத்த காற்றுக்காக அவர் வாயைத் திறந்து திறந்து மூடிய காட்சியில் அது இல்லை.

ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர் 2003-ல் இந்த மின் சிகரெட்டை உருவாக்கினார் என்கிறார்கள். அவரும் விடாமல் புகைத்தவர். அவருடைய தகப்பனார் நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். அப்பாக்களின் மரணத்துக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்கிறார்கள். நான் காரியம் முடிந்த அன்று சிகரெட்டை விட்டேன். ஒரு ரகசியம் சொல்கிறேன்: நாக்கு ஆறு மாதத்தில் மறந்துவிட்டது. கை இன்னும் மறக்கவில்லை. ஒரு வாக்கியம் முடியாமல் நிற்கும்போது இன்றும் அது சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறது.

அதனால்தான் அவனைக் கேட்டேன்: "நிக்கோடினைக் குறைத்துக்கொண்டு வருகிறாயா?"

"பன்னிரண்டு மில்லிகிராமில் ஆரம்பித்தேன். இப்போது மூன்று. பூஜ்யம்கூட வாங்கி வைத்திருக்கிறேன் மாமா. ஆனால்..." கையிலிருந்த சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதைச் சுற்றுகிறது இருக்கே, அதை விட முடியவில்லை."

வாஸ்தவம். கடையில் வாங்கிப் பிடித்து எறிவதைவிட, நாமே சுற்றி, துடைத்து, திரி போட்டு வளர்க்கிற பழக்கம் கெட்டியானது. பேணுவதில் பாசம் வந்துவிடுகிறது. பாசம் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. காஸ் வந்தபிறகும் அம்மா அந்த ஸ்டவ்வை விடவில்லை. மாதம் ஒரு தரம் திரி வெட்டி வைப்பாள். நாங்கள் கேலி செய்வோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் போய், சிலிண்டரும் தீர்ந்துபோய், தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, அந்த ஸ்டவ்தான் மூன்று நாள் கஞ்சி போட்டது. பேணியது காப்பாற்றியது. அப்பாவும் பேணினார். அது காப்பாற்றவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் கையில் இல்லை. கை எதைப் பிடித்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

மறுநாள் பிற்பகல் மாடிக்குப் போனபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அம்மா அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பஞ்சு நுழைத்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு இறுக்காதேடா கண்ணு. இறுக்கினால் எண்ணெய் ஏறாது. கொஞ்சம் தளர்த்தி விடு."

"கொசு மிஷின் பாட்டி" என்று அவன் அவசரமாகச் சொன்னான். அம்மா தலையை ஆட்டினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவன் ஊருக்குக் கிளம்பும் முன்தினம், சுருளைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து என் மேஜையில் வைத்தான். புதிதாகச் சுற்றவில்லை. "லண்டன் போய்ச் சுற்றிக்கொள்வாயா?" என்றேன். "தெரியவில்லை மாமா" என்றான். பொய் சொல்லாமல் இருந்ததே பெரிது.

விமான நிலையத்துக்கு வண்டி போனபிறகு அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கொசு மிஷினை யாருடா வாயில் வைத்துக்கொள்வார்கள்?" என்றாள்.

நான் பேசாமல் நின்றேன்.

"உங்கப்பாவோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணினவள் நான். எனக்குத் தெரியாதா? வையத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவன் திரி போடுகிற அழகைப் பார்த்ததும் வைய மனசு வரலை."

சற்றுக் கழித்துச் சொன்னாள்: "அவரையும் அப்படித்தான் விட்டேன்."