பாய்மரமும் பாடமும்

கடற்கரையிற் பிறந்தவனுக்குக் கடல் தெரியும் என்று உள்நாட்டார் நம்புகின்றனர். கல்முனையிலிருந்து நான் பல்கலைக்கழகம் புகுந்த முதலாண்டில், மலைநாட்டு நண்பரொருவர் “உமக்குப் படகோட்டத் தெரியுந்தானே?” என்று கேட்டார். நானும் தலையை ஆட்டிவைத்தேன். அது பொய். எனக்குப் படகோட்டவும் தெரியாது, நீந்தவும் தெரியாது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்திற் பிறந்து, அதன் இரைச்சலையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவனின் நிலை இது. பல ஆண்டுகளின் பின்னர், நான் விரிவுரையாளனாகிவிட்ட காலத்தில், யப்பானிய விரிகுடா ஒன்றில் நிகழ்ந்த பாய்மரப் படகுப் போட்டி அந்தப் பொய்யின் கனத்தை எனக்கு உணர்த்தியது. அந்தப் போட்டியையும், அதனை என் அருகிலிருந்து பார்த்த என் வாப்பாவையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

என் வாப்பா 1960களில், சிறுவனாயிருந்தபோது, தம் தந்தையாருடன் பாய்த்தோணியிற் கடலுக்குப் போனவர். விடியுமுன் தரையிலிருந்து வீசும் காற்றிற் புறப்பட்டு, நண்பகல் கழிந்தபின் கடலிலிருந்து எழும் காற்றிற் கரைதிரும்புவது அக்கால வழக்கம். வெயிலையும் புழுதியையும் வாரிவரும் கச்சான், மழையோடு வந்து கடலைக் கலக்கும் வாடை ஆகிய இரண்டுக்கும் இடையில் எத்தனை சிறு காற்றுகள் உண்டோ, அத்தனைக்கும் குணமும் நேரமும் அவர் சொல்லுவார். எங்கள் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயராற் கொடியேறும் நாட்களில், மற்றவர்கள் கொடியைப் பார்த்து நிற்க, அவர் அது எத்திசைக்கு அசைகின்றது என்றே பார்ப்பாராம்.

பின்னர் வெளியிணைப்பு இயந்திரங்கள் வந்தன. பாய் சுருட்டப்பட்டது. எனக்கு நினைவு தெரிந்த நாளில், அது எங்கள் முற்றத்தில் நெல் காயப்போடும் படங்காகப் பணிபுரிந்துகொண்டிருந்தது. அந்தப் பாயையும், எங்கள் வீட்டையும், என் தங்கையையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோயிற்று. இந்நாட்டில் அன்று மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை மாவட்டம். எங்கள் துயரம் பல்லாயிரம் துயரங்களுள் ஒன்று. ஆதலால் அதனை விரித்துரைக்க நான் விரும்பவில்லை. அன்று முதல் வாப்பா கடற்கரைக்குப் போகவில்லை என்பதை மட்டும் சொல்லவேண்டும். புதிய வீடு வயற்பக்கமாக அமைந்தது. அதன் வாசலும் மேற்கு நோக்கியே வைக்கப்பட்டது.

2021 யூலையில், கொரோனாவினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டிருந்தன. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம் அது. ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் எனோசிமாவில் நடந்துகொண்டிருந்தன. 1964இலும் ஒலிம்பிக் படகுகள் ஓடிய கடல் அது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் என்ற தமிழ்ப் பெண் அதிற் போட்டியிடுகிறார் என்று அறிந்து, கைப்பேசியிற் பார்க்கத் தொடங்கினேன். 2009இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடைகால முகாமிற் சிறுமியாகச் சேர்ந்து பழகியவர். ஓமான் நாட்டின் முசன்னாவில் நடந்த தகுதிகாண் போட்டியின் மூலம், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணானவர்.

அவர் ஓட்டியது லேசர் ரேடியல் என்னும் படகு. நீளம் ஏறத்தாழ 4.2 மீற்றர், ஒரே பாய், ஒரே ஆள். எல்லாருக்கும் ஒரே வார்ப்பிலான படகுகளைப் போட்டி அமைப்பாளரே வழங்குவர். எனவே பணம் படைத்தவர் விரைவான படகு வாங்கி வெல்லுதல் அங்கு இயலாது. படகு ஒன்று, பாய் ஒன்று, கடல் ஒன்று. வேறுபடுவன காற்றைப் பற்றிய அறிவும் உடலின் உறுதியுமே.

திண்ணையில் வாப்பா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். படகுகள் வளைந்து வளைந்து செல்வதைக் கண்டு, “ஏன் இவர்கள் நேரே போகவில்லை?” என்று எனக்குள்ளே முணுமுணுத்தேன். மணி நின்றது.

“காத்துக்கு நேரே எந்தப் பாயும் போகாது மகன். கோணி கோணித்தான் ஏறணும்” என்றார். பின்னர் மூக்குக் கண்ணாடியைத் தேடியெடுத்து என்னருகில் வந்தமர்ந்தார். எழுபது வயதைத் தாண்டிய அம்மனிதர், தம் உள்ளங்கையளவான திரையிற் பல்லாயிரம் மைலுக்கப்பாலுள்ள நீரைப் படிக்கத் தொடங்கினார். “பாரு, அங்கால தண்ணி கறுத்து வருது. அதுதான் காத்து. கெதியா அதுக்குள்ள போறவன்தான் முன்னுக்கு வருவான்.” சில நிமிடங்களில் அப்பக்கம் சென்ற படகுகளே முந்தின. வருணனையாளர் ஆங்கிலத்தில் அதனை விளக்குமுன் வாப்பா அடுத்த திருப்பத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நேத்ரா திரையில் எப்போதாவதுதான் தென்பட்டார். தென்பட்ட போதெல்லாம், “அந்தப் புள்ளைக்கிக் காத்துத் தெரியும். ஒடம்புதான் இன்னும் பாரமா இரிக்கணும்” என்றார். காற்று கடுக்கும்போது படகைச் சாயவிடாமற் பிடிக்க உடலின் நிறையே துணையென்று நான் பின்னரே அறிந்தேன்.

புள்ளி முறையையும் அவருக்கு விளக்கினேன். முதலில் வருபவருக்கு ஒரு புள்ளி, இரண்டாமவருக்கு இரண்டு. ஆகக் குறைந்த மொத்தமுடையவரே வென்றவர். பத்து ஓட்டங்களில் மிக மோசமான ஒன்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவர். சிறந்த பதின்மர் பதக்க ஓட்டத்துக்குச் செல்வர். வாப்பா இரண்டாம் முறையும் கேட்டார்: “மோசமான ஒண்டக் கழிச்சி விடுவாங்களா?” ஆம் என்றேன். நெடுநேரம் பேசவில்லை. “எங்கட கணக்கிலயும் ஒரு நாளக் கழிக்கலாம் எண்டா...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.

நேத்ரா 44 பேரில் 35ஆம் இடத்தைப் பெற்றார். மூன்று ஆண்டுகளின் பின், 2024இல் மார்செய் நகர்க் கடலில் நடந்த பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் 21ஆம் இடத்துக்கு உயர்ந்தார். முதல் இடங்கள் மட்டுமே செய்தியாகும் இவ்வுலகில் இத்தகைய ஏற்றங்களை யாரும் பேசுவதில்லை. காற்றுக்கெதிரே ஏறுபவரின் வழி நேர்கோடாக இராது என்பதை வாப்பாவிடம் கற்ற எனக்கு அது பெரிதாகவே பட்டது.

எங்கள் நாட்டுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. ரே விஜேவர்தன 1968ஆம் ஆண்டின் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிற் பின் வகைப் படகோட்டினார். அதற்கான கடல் அக்கபுல்கோ. பாய்மரப் போட்டி ஆசிய விளையாட்டு விழாவில் முதன்முதலாக இடம்பெற்ற 1970ஆம் ஆண்டு பாங்கொக்கில் வெள்ளிப் பதக்கமும் வென்றார். அவர் பொறியியலாளர், விமானமோட்டி, பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். அவர் வடிவமைத்த இருசக்கர உழவியந்திரமே ‘லேண்ட்மாஸ்டர்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. எங்கள் வயல்களில் அப்பெயரை அறியாத குழந்தை இல்லை. அதனை ஆக்கிய மனிதர் பாய்மரப் போட்டியில் இந்நாட்டின் கொடியைத் தாங்கியவர் என்பதை நானும் அண்மையிலேயே அறிந்தேன்.

அவர் காலத்தில் அவ்விளையாட்டுக்கான கழகங்கள் கொழும்புத் துறைமுகத்திலும் பொல்கொட வாவியிலும் இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் தோன்றியவை அவை. அதே காலத்தில் என் வாப்பா இங்கே காற்றின் பாடத்தைப் பிழைப்புக்காகப் படித்துக்கொண்டிருந்தார். கடலில் எல்லாப் படகுகளும் சமம் என்னும் அழகிய விதி, கடலை அடையும் வரையுள்ள தரைவழிக்குப் பொருந்தாது. அங்கே சங்கமும் பயிற்றுநரும் கடவுச்சீட்டும் பணமும் உடையவனே முந்துகின்றான்.

ஆயினும், பிறரை மட்டும் குறைகூறி முடிக்க என் மனம் ஒப்பவில்லை. போட்டிகளின் கடைசி நாளில் வாப்பா சொன்னார்: “ஒங்களப் படிக்க வெக்கணும் எண்டு கடற்கரப் பக்கமே போக உடல்ல. எனக்குத் தெரிஞ்சத ஒண்டும் சொல்லியும் தரல்ல. அவளுக்கு நீந்தவாவது பழக்கியிரிக்கலாம்.” அந்த அலையில் நீச்சல் உதவியிராது என்பது அவருக்கும் தெரியும். தாம் அறிந்தது அறிவே அன்று என்று பிள்ளைகளிடமிருந்து அதனை மறைத்த தந்தையின் வருத்தம் அது. அவ்வாறு மறைக்கத் தூண்டியது எது? எழுத்துப் படிப்பு ஒன்றே படிப்பு என்று எங்கள் பள்ளிகளும், நான் பணிபுரியும் இத்துறையும், ஊருக்குச் சொல்லிக்கொடுத்த பாடமல்லவா?

மாலுமி என்னும் சொல் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் வழியாக நம் மொழிக்கு வந்தது. அதன் பொருள் ஆசிரியர் என்பது. கலத்தைக் காற்றறிந்து செலுத்துபவனை ஆசிரியன் என்றே நம் முன்னோர் அழைத்தனர். அந்த ஆசிரியர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார். நான் பட்டம் பெறுவதற்கு ஊர் ஊராகச் சென்றேன்.

ஓகஸ்ட் மாதத்து மாலையொன்றில் வாப்பா தாமாகவே சட்டையை மாட்டிக்கொண்டு, “வா, போவம்” என்றார். கடற்கரைப் பள்ளியின் பக்கமாக மணலில் நின்றோம். பதினாறு ஆண்டுகளின் பின் அவர் கடலைப் பார்த்தார். கண்ணீர் விடுவாரென்று அஞ்சினேன். அவர் கையை உயர்த்தித் தூரத்தே கறுத்துவந்த நீர்ப்பரப்பைச் சுட்டி, “கச்சான் விழப்போகுது. இனிக் கடக்காத்து ஏறும்” என்றார். சற்று நேரத்தில் என் முதுகிற் பட்ட வெப்பக் காற்று அடங்கி, முகத்தில் உப்புக்காற்று பட்டது.

அன்றிரவு முதல் அவர் சொல்லும் காற்றுகளின் பெயர்களை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிவருகின்றேன். சென்ற ஆண்டு நீந்தவும் பழகினேன். திறமையாக அன்று, மூழ்காத அளவுக்கு. இக்கரையின் மாணவர்களுக்கு நீச்சலும் பாயோட்டமும் கற்பிக்க ஒரு சிறு கழகம் அமைத்தல் இயலாத செயலன்று. மலிவான படகுகள் இரண்டு போதும். மாலுமிகள் சிலர் இன்னும் உயிரோடிருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே தொடங்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.