மல்லிகைத் தொட்டியில் ஒருத்தி

தொட்டி மண்ணைக் கவிழ்த்தபோது கறுப்பாக ஒன்று விழுந்து நெளிந்தது. மண்புழு என்றுதான் நினைத்தேன். மண்புழுவுக்கு இவ்வளவு பளபளப்பு ஏது? "பூநாகம் தம்பி, அடிச்சுப் போடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அடிக்கவில்லை. குருட்டுப்பாம்பு அது, விஷம் கிடையாது. ஒரு சாண் நீளம்கூட இல்லை.

*

மதுரையின் எல்லையைப் பாம்பு ஒன்று வாலை வாயில் கவ்வி வளைந்து காட்டியதாகத் திருவிளையாடல் கதை. ஆலவாய் என்ற பெயருக்கு அதுதான் விளக்கம். மேற்கே நாகமலை. எங்கள் வண்டியூருக்குக் கிடைத்தது தவளை: சித்திரையில் அழகர் வந்து மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்ப்பது இங்கேதான். தவளை ஊர்வன இல்லை. ஆனால் கண்மாய்க்கரையில் தவளை கத்தினால் தண்ணீர்ப்பாம்பு தூரத்தில் இல்லை.

*

அரணை கடித்தால் மரணம் என்பார்கள். கடிக்க வந்ததைப் பாதி வழியில் மறந்துவிடும் என்பதும் அதே வாய்தான். விஷமே இல்லாத பிராணிக்கு இவ்வளவு கெட்ட பெயர்.

*

பல்லி சொல்வதற்குப் பஞ்சாங்கத்தில் பலன் உண்டு. அதன் பாதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதில் பசையும் இல்லை. விரலடியில் லட்சக்கணக்கில் நுண்மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்காகப் பிளந்திருக்கும். சுவரோடு அவ்வளவு நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையிலான சின்ன ஈர்ப்பே உடம்பைத் தாங்கிவிடுகிறது. இமை கிடையாது, கண்ணை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். அறுந்த வால் வளரும். ஆனால் உள்ளே முள்ளெலும்பு இருக்காது, குருத்தெலும்புதான்.

*

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976-இல் தொடங்கியது. அங்கே ஆராய்ந்து கண்டது: சதுப்புநில முதலையின் முட்டை 28 முதல் 31 டிகிரியில் இருந்தால் எல்லாம் பெண், 32.5-ஐ ஒட்டினால் ஆண். நம் ஊர் வெயிலில் இதைப் படித்தால் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது.

*

மறுபடி தொட்டிக்காரி. காரி என்பது சும்மா சொன்னதில்லை. இந்த இனத்தில் ஆணே கிடையாது. குரோமோசோம் இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று. தாய் இட்ட முட்டையெல்லாம் தாயின் நகல். ஆண் சேராமல் கொமோடோ உடும்பின் முட்டையில் கரு வளர்ந்தது என்று 2006-இல் இங்கிலாந்திலிருந்து வந்த சேதி உலகமெல்லாம் ஓடியது (அந்தக் குஞ்சுகள் ஆண்கள்). இவளுக்கோ அது அன்றாடப் பிழைப்பு. எறும்பு, கறையானின் முட்டைகளும் புழுக்களும் சாப்பாடு. கண் இரண்டும் செதிலுக்கு அடியில் வெறும் புள்ளி, வெளிச்சம் தெரிந்தால் போதும். விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் வெளியிட்ட பாம்பு நூலில் இவள் படம் இருக்கிறது. தெலுங்குப் பெயரோடு: இரட்டைத்தலைப் பாம்பு. தலை எது, வால் எது என்று எனக்கும் ஒரு நிமிடம் பிடித்தது.

செடித்தொட்டி மண்ணோடே ஹவாய், ஃபுளோரிடா வரை போய்விட்டாள். ஜோடி வேண்டாம், ஒருத்தி போனால் போதும்.

*

மண்ணைத் திரும்ப நிரப்பி அவளையும் உள்ளே விட்டேன். கோவையில் இருக்கும் தங்கை அந்தத் தொட்டியைத்தான் கேட்டிருக்கிறாள்.