மூணாவது ஆள்

பெங்களூரு கப்பன் பார்க்கில், மூங்கில் புதர்களின் பக்கமாக, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளை விளையாட வைக்கிறேன். பதினெட்டு வருடமாக இதுதான் என் வேலை. வார நாட்களில் பள்ளிகள், அபார்ட்மெண்ட்டுகள், கட்டடத் தொழிலாளர் குடியிருப்புகள் என்று போவேன். இருபது பேருக்குத் திட்டம் போட்டுக்கொண்டு போகும் நாளில் தூறல் பிடித்துக்கொள்ளும். மூன்று பேர் வந்து நிற்பார்கள். வேலைக்கு வந்த புதிதில் அந்த மூன்றைக் கண்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு பேர் ஒட்டிக்கொள்வார்கள். இன்னொன்று ஓரமாக நின்று செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருக்கும். 'மூணு பேரா எங்கேயும் போகாதீங்கடி' என்று அல்சூர் வீட்டு வாசலில் பாட்டி சொல்வது சரிதானோ என்று தோன்றும்.

தப்பு பிள்ளைகளிடம் இல்லை, நான் எடுத்துப்போன ஆட்டங்களில் இருந்தது என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. இரண்டு பேர் ஆட்டத்தில் மூன்றாவது ஒருவரைச் செருகிக்கொண்டிருந்தேன். பந்தை இருவர் மாற்றி மாற்றி வீச, நடுவில் நிற்பவர் பிடிக்க ஓடும் ஆட்டம் நல்ல உதாரணம். அதற்கு 'நடுவில் குரங்கு' என்று பெயர் வேறு. மூவரில் உயரம் குறைந்த பிள்ளை நடுவில் மாட்டினால் அரை மணி நேரமும் அங்கேயேதான். அந்த ஆட்டத்தை நான் விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இனி எடுக்கவும் மாட்டேன். மூன்று பேருக்கான ஆட்டம் என்றால் மூணாவது ஆள் இல்லாமல் அது நடக்கக்கூடாது. இந்த ஒரு விதியை வைத்துத்தான் இன்று எல்லா ஆட்டத்தையும் சலிக்கிறேன்.

தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றி எழுதிய நூலில், ஆண் பிள்ளைகள் ஆடுவது, பெண் பிள்ளைகள் ஆடுவது, இரு பாலாரும் ஆடுவது, பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்று பிரித்திருக்கிறார். எத்தனை பேர் வேண்டும் என்றும் ஒருவர் பிரித்து வைத்தால் என் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

யார் முதலில் என்று முடிவு செய்ய நாம் போடும் 'சா பூ த்ரீ'யையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லி முடிக்கும் நொடியில் உள்ளங்கையையோ புறங்கையையோ காட்ட வேண்டும். மற்றவர்களோடு சேராமல் தனித்துக் காட்டியவர்தான் ஆள். மூன்று பேர் போட்டால் கைகள் 8 விதமாக விழலாம். மூன்றும் ஒன்றுபோல விழுவது 2 விதம்தான். மீதி 6-லும் ஒருவர் தனித்துத் தெரிவார். அதாவது நாலுக்கு மூன்று தடவை முதல் வீச்சிலேயே முடிவு வந்துவிடும். நாலு பேர் போட்டால் அந்த வாய்ப்பு 16-ல் 8. ஐந்து பேர் என்றால் 32-ல் 10. இரண்டு பேர் போடவே முடியாது. மூவருக்கென்றே வார்த்தெடுத்த மாதிரி ஒரு கருவியை நம் தெருப்பிள்ளைகள் கையிலேயே வைத்திருக்கிறார்கள்.

கல், காகிதம், கத்தரியும் மூன்று பேர் கையில் வேறு ஆட்டமாகிவிடுகிறது. 27 விதத்தில் ஒருவர் மட்டும் ஜெயிப்பது 9, ஒருவர் மட்டும் தோற்பது 9, யாருக்கும் இல்லை என்பது 9. அப்படிச் சரிசமமாக விழுவதால் மூவருமே கடைசிவரை நம்பிக்கையோடு ஆடுகிறார்கள். ஜப்பானியரின் பழைய விரலாட்டம் ஒன்றில் கட்டைவிரல் தவளை, சுட்டுவிரல் பாம்பு, சுண்டுவிரல் ஓடில்லாத நத்தை. பாம்பு தவளையை விழுங்கும், தவளை நத்தையை விழுங்கும், நத்தை பாம்பை வெல்லும். பெங்களூரு மழையில் ஈரச் சுவரில் நத்தையைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துவிடும். மூன்று விரலும் வேறு வேறாக விழும்போது யார் யாரை விழுங்குவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் இதை முதலில் வைக்கிறேன்.

கை தட்டும் ஆட்டத்தில் உள்ள நுட்பம் எனக்குப் பிடிபட ரொம்ப நாளாயிற்று. இருவர் எதிரெதிரே நின்று தட்டும்போது கண்ணால் பார்த்துத் தட்டுகிறார்கள். மூவர் முக்கோணமாக நின்றால் தன் வலக்கை வலப்பக்கத்தவரின் இடக்கையையும், தன் இடக்கை இடப்பக்கத்தவரின் வலக்கையையும் தொட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. ஒரு பக்கம் பார்த்தால் மறு பக்கம் தவறும். அதனால் பார்ப்பதை விட்டு, காதால் பிடிக்க ஆரம்பிப்பார்கள்: தன் கையில் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு தட்டு. வேகத்தைக் கூட்டாதீர்கள். மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். மெதுவாகத் தட்டுவதுதான் கஷ்டம்.

ஒரு முறை மர்ஃபி டவுன் தமிழ்ப் பெண் ஒருத்தி, யாதகிரியிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன், ஒடிசாவிலிருந்து வந்த சின்னப் பெண் ஆகிய மூவரும் சேர்ந்தார்கள். நொண்டியாட்டம் என்றதும் சண்டை. தமிழ்ப் பெண்ணுக்கு அது பாண்டி, பையனுக்குக் கன்னடத்தில் குண்ட்டெ பில்லெ. கட்டம் எத்தனை, எங்கே காலூன்றலாம் என்பதிலேயே கால் மணி நேரம் போய்விட்டது. "அக்கா, நீங்களே சொல்லுங்க!" தமிழிலும் கன்னடத்திலும் நான் அக்காதான், நியாயம் மட்டும் இரண்டு. கோட்டை அழித்துவிட்டு எலாஸ்டிக்கை எடுத்தேன்.

எலாஸ்டிக் ஆட்டத்தை நான் உச்சத்தில் வைக்கிறேன். தையல் சாமான் கடையில் நாலு மீட்டர் வாங்கி முனைகளை முடிச்சுப் போட்டால் போதும். இருவர் காலில் மாட்டிக்கொண்டு எதிரெதிரே நிற்க, ஒருவர் உள்ளே, வெளியே, மேலே என்று குதிப்பார். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், தொடை, இடுப்பு. தப்பினால் இடம் மாற வேண்டும். நிற்கிற இருவர் சும்மா நிற்பதாக ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். கயிறு தொய்ந்தால் குதிப்பவரின் கால் சிக்கும்; ரொம்ப இழுத்தால் சுண்டி அடிக்கும். அந்த இழுப்பைக் கணுக்காலாலேயே அளந்து, குதிப்பவர் நகர நகர விட்டுக்கொடுத்து நிற்பது தனி வித்தை. அந்த ஒடிசாப் பெண் குதிப்பதில் சுமார்தான். கயிறு பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு மணி நேரத்தில் மற்ற இருவரும் அவள் பிடித்தால்தான் குதிப்பேன் என்றார்கள்.

நடுவில் நிற்பவர் மரம்போல விறைத்துச் சாய, முன்னும் பின்னும் நிற்பவர்கள் தாங்கித் திருப்பி அனுப்பும் பயிற்சியும் மூவருக்கானதே. நாடகக்காரர்களிடம் கற்றேன். இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஒரு பள்ளியின் சிமெண்ட் தரையில் ஆட விட்டுவிட்டு, ஆசிரியையோடு பேசத் திரும்பினேன். பிள்ளைகள் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டியிருந்தார்கள். ஒன்பது வயதுப் பையன் விழுந்து உதடு கிழிந்தது. காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அந்த வருடம் முழுக்க அவன் நடுவில் நிற்கவே இல்லை. அதன்பின் புல்தரையில் மட்டும்தான். தாங்குபவரின் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. கைகள் தோள்பட்டை உயரத்தில். தொடங்கும்போது கை ஏற்கனவே தோளைத் தொட்டிருக்க வேண்டும். "தயாரா?" என்று நடுவில் இருப்பவர் கேட்டு இருவரும் பதில் சொன்ன பிறகே சாயலாம்.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் பயிற்சி ஒன்றில், ஒருவர் தன் உள்ளங்கையை மற்றவர் முகத்துக்கு முன் சற்றுத் தள்ளி வைத்து நகர்த்துவார். அந்த இடைவெளி மாறாமல் முகம் பின்தொடர வேண்டும். இரண்டு கைகளால் இருவரை நடத்தும் வடிவமும் உண்டு. தொடாமலே ஆடலாம் என்பதால் பதின்ம வயதுக் கூட்டத்துக்கு இதை வைக்கிறேன். வலக்கையில் கவனம் போனால் இடக்கைப் பிள்ளை செடியில் முட்டிக்கொள்ளும். நடத்துபவர் வேகத்தைக் குறைக்கத் தானாகவே கற்றுக்கொள்கிறார்.

தொடுவது பற்றி ஒரு வார்த்தை. கை பிடிக்க விருப்பமில்லாத பிள்ளையை நான் வற்புறுத்துவதில்லை. கைக்குட்டையின் ஒரு முனையை அந்தப் பிள்ளையிடம் கொடுத்து மறு முனையை அடுத்தவரிடம் கொடுப்பேன். வட்டம் அப்படியே நிற்கும். யாரிடமும் காரணம் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் இருப்பீர்கள் என்றால், அப்பா, அம்மா, பிள்ளை என்றாலும் சரி, நாலு மீட்டர் எலாஸ்டிக் வாங்கி வாருங்கள். பார்க்கிங் தரையோ மொட்டை மாடியோ போதும். யார் முதலில் குதிப்பது என்று சா பூ த்ரீ போட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் முறை வரும்போது கயிற்றைத் தொய்யாமல் பிடியுங்கள்.